சோழர் நிலக் கணக்கும் ஃபராயிள் பங்கும்

தமிழகத்தின் பழம்பெருமை பேசும் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் பேரெண் ஒன்று உண்டு. அது 5242 கோடியே 88 இலட்சம். பதினொரு இலக்கங்களால் எழுதினால் 52428800000. முதலாம் இராசராச சோழன் காலத்து நில அளவையில் ஒரு வேலி நிலம் இத்தனை கூறுகளாகப் பகுக்கப்பட்டு, அவற்றுள் ஒரு கூறு வரைக்கும் கணக்கில் கொள்ளப்பட்டது என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை ஆய்ந்த அறிஞர்கள் நமக்குக் காட்டிய செய்தி. இதைக் கேட்டவர் வியந்து போற்றுவர். ஆயினும் அவ்வெண் எதனால் ஆனது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்ல இயலாமல் நின்றுவிடுகிறது என்று கேட்போர் மிகச் சிலரே. அவ்வாறு கேட்கப் புகுந்தால் அந்த எண், சோழர் தலைநகரில் தொடங்கி நம்முடைய வீட்டுப் பாகப்பிரிவினை வரைக்கும் நம்மை அழைத்து வந்துவிடும்.

கோலும் ஓலையும்

இராசராசன் ஆட்சியில் கி.பி. 1001ஆம் ஆண்டை ஒட்டிச் சோழ நாட்டு நிலங்கள் முறையாக அளக்கப்பட்டன. அப்பணிக்குத் தலைமை தாங்கிய படைத்தலைவன் 'உலகளந்தான்' என்று சிறப்புப் பெயர் பெற்றான். அளந்த கோலும் 'உலகளந்த கோல்' எனப்பட்டது. இராசராசனின் மைந்தன் முதலாம் இராசேந்திரன் கங்கை வெற்றிக்குப் பின், ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில், கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரம் என்ற புதிய தலைநகரை அமைத்தான். அது இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி 1995ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்துள் வந்தது; சில ஆண்டுகள் பிரிந்தும் இணைந்தும் இருந்து, 2007இல் அரியலூர் மாவட்டமாக நிலைபெற்றது.

தலைநகர் மாறியதும் கணக்கோலைகளும் அங்கே இடம் பெயர்ந்தன. நிலவரி நிருவாகத்தைக் கவனித்த அலுவலகம் 'புரவுவரித் திணைக்களம்' என்றும், அங்கு பேணப்பட்ட பதிவு 'வரிப்பொத்தகம்' என்றும் சோழர் ஆவணங்களில் சுட்டப்படுகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் உள்ள வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு, கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களையும் அவற்றிலிருந்து வரவேண்டிய நெல்லையும் பட்டியலாகத் தருகிறது. அத்தலைநகரிலிருந்து ஆண்ட முதலாம் குலோத்துங்கன் 1086ஆம் ஆண்டில் மீண்டும் நிலம் அளப்பித்தான். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்துத் 'தூம்ஸ்தே' ஏட்டைத் தொகுப்பித்ததும் அதே ஆண்டில்தான். ஆக, நாம் பேசவிருக்கும் கணக்குமுறை நூறாண்டுக் காலம் கோலோச்சிய இடம் இன்றைய அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் எனலாம்.

எண் பிறந்த வழி

சோழர் காலத்துக்குப் பின்னரும் நம் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மனப்பாடம் செய்த பின்ன வாய்பாட்டை அறிந்தால் இப்பேரெண்ணின் பிறப்பு எளிதில் விளங்கும். ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மா. மாவில் நான்கில் ஒரு பங்கு காணி. அதாவது 80இல் ஒன்று. காணியில் நான்கில் ஒரு பங்கு முந்திரி. அதாவது 320இல் ஒன்று. முந்திரியோடு மேல்வாயிலக்கம் முடிகிறது. அதற்கும் சிறிய அளவைச் சொல்ல வேண்டுமானால் 'கீழ்' என்ற சொல்லைச் சேர்ப்பர். அந்த ஒரு முந்திரியையே மீண்டும் ஒன்றாகக் கொண்டு, அதற்குள் அரை, கால், மா, காணி, முந்திரி என எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணுவர். இதுவே கீழ்வாயிலக்கம். ஒரு கீழ்முந்திரி என்பது 320ஐ 320ஆல் பெருக்கி வரும் 1,02,400இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே செல்ல வேண்டுமானால் மீண்டும் ஒரு 'கீழ்'. இவ்வாறு படிக்கட்டு இறங்குவது போல் எத்தனை முறையும் இறங்கலாம்.

நான்கு முறை இவ்வாறு இறங்கினால் 1048 கோடியே 57 இலட்சத்து 60 ஆயிரத்தில் ஒரு பங்கு கிட்டும். அங்கே நின்று நாலுமாவை, அதாவது ஐந்தில் ஒன்றை எடுத்தால் 5242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வந்துவிடும். பதினொரு இலக்கப் பேரெண்ணை ஓலையில் எழுதிய கணக்கன் அநேகமாக எவனும் இருந்திருக்கமாட்டான். அவன் எழுதியவை கீழ், மா, காணி போன்ற சிறு சொற்களே. அச்சொற்களின் அடுக்கை நம் காலத்து அறிஞர் பெருக்கிப் பார்த்தபோதுதான் இப்பேரெண் வெளிப்பட்டது.

எத்துணைச் சிறிது?

இக்கூறு நிலத்தில் எத்துணை இடம் பிடிக்கும் என்று பார்ப்போம். கோலின் நீளம் ஊருக்கு ஊரும் காலத்துக்குக் காலமும் மாறியது. பிற்காலத்தில் காவிரிப் படுகையில் வழங்கிய கணக்கைக் கொண்டால், 12 அடிக் கோலால் அளந்த ஒரு சதுரம் ஒரு குழி. அது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. எனவே வேலி 2,88,000 சதுர அடி; அதாவது 6.6 ஏக்கர். இதை 52428800000ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ அரைச் சதுர மில்லிமீட்டர். கடுகு ஒன்றை மண்ணில் வைத்தால் அது மறைக்கும் இடத்திலும் குறைவு!

வரியின் வழியாகவும் பார்க்கலாம். தஞ்சைக் கல்வெட்டுகளில் வேலிக்கு ஏறத்தாழ 100 கலம் நெல் என்ற வீதம் காணப்படுகிறது. கலத்துக்கு 12 மரக்கால், மரக்காலுக்கு 8 நாழி, நாழிக்கு 14,400 நெல் என்பது பழைய வாய்பாடு. அதன்படி ஒரு வேலியின் வரி 13 கோடியே 82 இலட்சத்து 40 ஆயிரம் நெல்மணிகள். நாம் பேசும் கூறுகளில் 379ஐ ஒன்று சேர்த்தால்தான் ஒரே ஒரு நெல்மணி வரியாக வரும்.

எனவே சோழர் காலத்து அலுவலர் கடுகினும் சிறிய இடத்தைக் கோலால் அளந்தனர் என்று மேடையில் முழங்குவது பொருந்தாது. பதினாறு சாண் நீளமுள்ள கோல் அவ்வாறு அளக்கும் கருவி அன்று. வரப்பின் ஓரத்தில் ஒரு நண்டு வளை தோண்டினால் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு மண் இடம் மாறிவிடும். பின், அந்த நுண்பின்னம் எங்கிருந்து வந்தது? அது வயலில் பிறக்கவில்லை, ஓலையில் பிறந்தது. நீளமும் அகலமும் கோலின் பின்னங்களாக வரும்போது அவற்றைப் பெருக்கினால் பின்னம் மேலும் நுண்ணிதாகும். காணியைக் காணியால் பெருக்கினால் 6400இல் ஒன்று வந்துவிடுகிறது. தஞ்சைக் கல்வெட்டுகள் ஒவ்வோர் ஊருக்கும் முதலில் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், சுடுகாடு ஆகிய வரியில்லா நிலங்களைக் கழித்து, மிகுந்த நிலத்துக்கே வரி விதிக்கின்றன. கழித்ததும் மிகுந்ததும் கூடினால் மொத்தம் பிழையின்றி வரவேண்டும். அதற்காகவே கணக்கன் கடைசித் துணுக்கையும் எறிந்துவிடாமல் எழுதி வைத்தான்.

ஆகவே இந்த எண் சோழர் கோலின் கூர்மைக்குச் சான்று அன்று. கணக்கின் நேர்மைக்குச் சான்று. மிச்சம் எத்துணைச் சிறிதாயினும் அதற்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டது. நான் போற்ற விரும்புவது அதைத்தான்.

எண்ணின் குலமும் குணமும்

இனி எண்ணின் இயல்பை நோக்குவோம். எந்த எண்ணையும் அதற்கு மேல் பகுக்க முடியாத பகா எண்களின் பெருக்கமாக எழுதலாம். நம் பேரெண்ணை அவ்வாறு பகுத்தால் 2 என்ற எண் இருபத்து நான்கு முறையும், 5 என்ற எண் ஐந்து முறையும் வருகின்றன. வேறு எந்தப் பகா எண்ணும் அதற்குள் இல்லை. பதினொரு இலக்கம் கொண்ட எண்ணுக்கு இரண்டே இரண்டு வித்துகள்! 1,02,400ஐ அதே எண்ணால் பெருக்கி வருவதன் ஐந்து மடங்கு அது. மிச்சமின்றி அதை வகுக்கும் எண்கள், ஒன்றையும் அதனையும் சேர்த்து, 150 உள்ளன.

எண்களை அவற்றின் வகுஎண்களைக் கொண்டு வகைப்படுத்தும் கலை கிரேக்கரிடம் தோன்றி, அரபு மொழியில் பெரிதும் வளர்ந்தது. ஓர் எண்ணை வகுக்கும், அதனினும் சிறிய எண்களைக் கூட்டும்போது அதே எண் வந்தால் அது நிறை எண். 6 அத்தகையது, ஏனெனில் 1, 2, 3 கூடினால் 6. கூட்டுத்தொகை குறைந்தால் குறை எண்; 8க்கு 7தான் வருகிறது. மிகுந்தால் மிகை எண். 12க்கு 16 வருகிறது. இவற்றை அரபு அறிஞர் முறையே தாம்ம், நாகிஸ், ஸாஇத் என்றனர். பாக்தாதில் வாழ்ந்து 901இல் மறைந்த ஸாபித் இப்னு குர்ரா, ஒன்றின் வகுஎண்களைக் கூட்டினால் மற்றொன்று வரும் 'நேச எண்களை'க் கண்டறிய ஒரு விதியையே வகுத்தார். 220, 284 என்பது அத்தகைய இணை. நம் பேரெண்ணை இந்த உரைகல்லில் உரைத்தால், அதன் சிறு வகுஎண்களின் கூட்டுத்தொகை 7863 கோடியே 48 இலட்சத்து 7 ஆயிரத்து 486. தன்னினும் மிக்கது, ஆகவே அது மிகை எண்.

இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய அதே காலத்தில் இந்திய அறிவுக் கருவூலத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அல்பீரூனி (973–1048). இந்தியாவைப் பற்றி அவர் 1030ஐ ஒட்டி எழுதிய பெருநூலில், இந்தியர்கள் பதினெட்டு இலக்க நிலைகளுக்குப் பெயர் வைத்திருப்பதை விரித்துரைக்கிறார். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேரும் தொகையையும் அவர் தம்முடைய மற்றொரு நூலில் கணக்கிட்டுக் காட்டினார். அது 18446744073709551615 என்ற இருபது இலக்க எண். நம் எண்ணும் அந்தப் பலகைக்கு உறவுதான். இருபத்தைந்தாம் கட்டத்தில் வைக்க வேண்டிய மணிகள் 1,67,77,216. அதை 3125ஆல் பெருக்கினால் சோழரின் 52428800000 வந்துவிடும்.

இரண்டும் ஐந்தும் மனிதனுக்கு இயல்பானவை. கயிற்றை மடித்தால் பாதி; கையை விரித்தால் ஐந்து. அவ்விரண்டையும் கொண்டே நம் முன்னோர் மா, காணி, முந்திரி என்ற மாளிகையைக் கட்டினர். ஆனால் அம்மாளிகையில் ஓர் எண்ணுக்கு இடமில்லாமற் போயிற்று. அது மூன்று. 52428800000இன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 29 வரும். 29ஐ மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். அந்தப் பேரெண்ணை மூன்றால் வகுத்தாலும் இரண்டே மிஞ்சும். ஒரு வேலியை 5242 கோடித் துணுக்குகளாக நொறுக்கினாலும், அதை மூவருக்குச் சமமாகப் பங்கிட முடியாது! முந்திரிக்குக் கீழே இம்மி, அணு முதலிய பெயர்களையும் வாய்பாட்டு நூல்கள் அடுக்குகின்றன. அவற்றின் அளவு நூலுக்கு நூல் மாறும். நில ஆவணங்களில் ஆட்சி செலுத்தியதோ மா, காணி, முந்திரி என்ற வரிசைதான். நெல் அளவையில் இக்குறை இல்லை. கலத்துக்கு 12 மரக்கால் என்பதால் மூவருக்கு நான்கு நான்காகப் பிரித்துவிடலாம். நிலத்தின் பின்னக் கணக்கில்தான் மூன்றிலொன்று வெளியே நின்றது.

மூன்றைக் கட்டாயமாக்கிய சட்டம்

திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயம் இறந்தவர் விட்டுச்செல்லும் பொருளில் உறவினர்க்குரிய பங்குகளை வரையறுக்கிறது. அங்கு கூறப்படும் பின்னங்கள் ஆறு: பாதி, கால், எட்டிலொன்று, மூன்றில் இரண்டு, மூன்றிலொன்று, ஆறிலொன்று. முதல் மூன்றும் இரண்டின் குடும்பம். அவற்றைச் சோழர் வாய்பாடு எளிதாகச் சொல்லிவிடும். மற்ற மூன்றும் மூன்றின் குடும்பம். அவற்றை அவ்வாய்பாடு ஒருபோதும் முழுதாகச் சொல்லாது. பொருள் சிறிதாயினும் பெரிதாயினும் பங்கு பங்கே என்பது அவ்வேதத்தின் கட்டளை. ஆகவே பின்னக் கணக்கு முஸ்லிம்களுக்குப் பொழுதுபோக்கு அன்று, கடமையாயிற்று. 820ஆம் ஆண்டை ஒட்டிக் கலீஃபா மஃமூன் காலத்தில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ரா நூலின் ஏறத்தாழப் பிற்பாதி முழுதும் மரண சாசனம், வாரிசுரிமை ஆகியவற்றின் கணக்குகளே. இன்று உலகெங்கும் பள்ளிகளில் பயிலப்படும் இயற்கணிதம் தன் பிள்ளைப் பருவத்தில் தாயின் பங்கையும் மகளின் பங்கையும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஃபராயிள் அறிஞர்கள் கையாண்ட வழி சோழர் கணக்கரின் வழிக்கு நேர் மாறானது. கணக்கர் மாறாத ஓர் அலகை வைத்துக்கொண்டு, மிச்சம் வரும்போதெல்லாம் மேலும் கீழே இறங்கினர். ஃபராயிள் அறிஞரோ முதலில் வாரிசுகளைப் பார்த்தனர். அவர்களுக்குரிய பின்னங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எண்ணைத் தேர்ந்து, சொத்தை அத்தனை பங்காக்கினர். அந்த எண்ணுக்கு 'அஸ்லுல் மஸ்அலா' என்று பெயர். வழக்குக்கு வழக்கு அது மாறும். பங்குகளைக் கூட்டினால் ஒன்றை மிஞ்சும் வழக்குகளும் உண்டு. கணவனுக்குப் பாதியும் இரு சகோதரியர்க்கு மூன்றில் இரண்டும் சேர வேண்டுமானால் ஆறு பங்கில் ஏழு தேவைப்படுகிறது. அப்போது சொத்தையே ஏழு பங்காக்கி, மூன்றும் நான்குமாகக் கொடுப்பர். எவர் பங்கும் அறுந்து போகாமல் எல்லோர் பங்கும் ஒரே விகிதத்தில் சுருங்கும் இம்முறை 'அவ்ல்' எனப்படும். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் இது நடைமுறைக்கு வந்ததாகக் கூறுவர்.

இரு கணக்குகள் சந்திக்கும் வயல்

இவ்விரு கணக்குகளும் ஏட்டில் மட்டும் சந்தித்தவை அல்ல. பெரம்பலூர் மாவட்டத்தில் லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய ஊர்களில் முஸ்லிம்கள் பெருந்திரளாக வாழ்கின்றனர். சென்னை நெடுஞ்சாலைக்கு அருகே நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டை, ஆற்காட்டு நவாபுகளுக்கு உட்பட்ட ஜாகீர்தார்கள் இப்பகுதியை நிருவகித்ததை நினைவூட்டுகிறது. அக்கால ஆட்சியின் தடம் கோட்டையைவிட நம் நாவில்தான் ஆழமாகப் பதிந்துள்ளது. தாலுக்கா, பசலி, ஜமாபந்தி, வசூல், மகசூல் என்று வருவாய்த் துறையில் வழங்கும் சொற்கள் அரபு வேரில் கிளைத்துப் பாரசீக ஆட்சிமொழி வழியாக வந்தவை. 'பாக்கி' என்பதும் அவ்வாறே; எஞ்சியது என்பது அதன் பொருள். ஃபராயிள் நூல்களில், குறித்த பங்குதாரர்க்குக் கொடுத்தது போக எஞ்சுவதும் 'பாக்கி'தான். அதை மகனும் மகளும் இரண்டுக்கு ஒன்று என்ற வீதத்தில் பெறுவர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவோம். ஒருவர் ஒரு வேலி நிலம் விட்டு இறக்கிறார். கடனும் அடக்கச் செலவும் தீர்ந்தன; மரண சாசனம் இல்லை. மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கின்றனர். மனைவிக்கு எட்டிலொன்று, தாய்க்கு ஆறிலொன்று. இரண்டுக்கும் பொது எண் 24. மனைவிக்கு 3, தாய்க்கு 4 போக 17 எஞ்சும். அதை மூன்றால் பிரிக்க முடியாதாகையால் எல்லாவற்றையும் மும்மடங்காக்கி 72 பங்கு கொள்வர். மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. கூட்டினால் 72. கணக்கு முடிந்தது.

இனி இதையே முந்திரிக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். வேலிக்கு 320 முந்திரி. மனைவிக்கு 40 முந்திரி, அதாவது இரண்டரை மா. அது சரியாக வந்துவிடுகிறது. தாய்க்கு 53 முந்திரியும் மூன்றிலொரு பங்கும். மகனுக்கு 151 முந்திரியும் ஒன்பதிலொரு பங்கும். மகளுக்கு 75 முந்திரியும் ஒன்பதில் ஐந்து பங்கும். மகளின் மிச்சத்தைக் கீழ்வாயில் இறக்கினால் 177 கீழ்முந்திரி வந்து, ஒன்பதில் ஏழு மிஞ்சும். இன்னும் இறக்கினால் ஒன்பதில் எட்டு, பின்னர் நான்கு, இரண்டு, ஒன்று, மறுபடியும் ஐந்து! செக்கு மாடு போல் அந்த மிச்சம் ஆறு படிகளில் சுற்றி வந்துகொண்டே இருக்கும், ஒருநாளும் தீராது. நான்கு முறை அன்று, நாலாயிரம் முறை கீழே இறங்கினாலும் மகளின் பங்கை அந்த வாய்பாட்டால் முழுதாக எழுத முடியாது.

பின்னத்தை வெட்டிவிட்டு முழு முந்திரிகளை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? 40, 53, 151, 75 கூடினால் 319. ஒரு முந்திரி பாக்கி. ஒரு முந்திரி நிலம் 900 சதுர அடி. இன்றைய கணக்கில் இரண்டு சென்ட்டுக்கும் சற்று மிகுதி. ஒரு சிறு குடும்பம் வீடு கட்டிக் குடியிருக்கப் போதுமான மனை! அந்த மனையில் பாதிக்கு மேல், 500 சதுர அடி, மகளுக்குரியது. 300 சதுர அடி தாய்க்குரியது. 100 சதுர அடியே மகனுக்குரியது. ஆனால் பாக்கி பெரும்பாலும் எவர் கையில் ஏரும் பத்திரமும் இருக்கின்றனவோ அவர் வரப்புக்குள் போய்ச் சேரும்.

சுவையான செய்தி ஒன்றும் இங்கே உண்டு. வாய்பாட்டில் இல்லாத மூன்று, கோலில் ஒளிந்திருந்தது. 12 அடிக் கோலின் குழி 144 சதுர அடி. 144 ஒன்பதால் வகுபடும். ஆகவே அதே வேலியைச் சதுர அடியில் எழுதினால் 72இல் ஒரு பங்கு 4000 சதுர அடி எனத் துல்லியமாக வருகிறது. மனைவிக்கு 36,000, தாய்க்கு 48,000, மகனுக்கு 1,36,000, மகளுக்கு 68,000. ஓர் அடி நிலமும் பாக்கி இல்லை! நிலம் பங்கிட மறுக்கவில்லை. நாம் பிடித்துக்கொண்ட அலகுதான் மறுத்தது. பங்குக்கேற்ப அலகைத் தேட வேண்டுமேயன்றி, அலகுக்கேற்பப் பங்கை நறுக்கலாகாது என்ற ஃபராயிள் அறிஞரின் நெறியை இவ்வோர் எடுத்துக்காட்டே மெய்ப்பித்துவிடும்.

இன்றும் தீராத பாக்கி

இது பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. இன்று பட்டாவில் நிலம் ஹெக்டேர், ஏர் என்று பதிவாகிறது; பேச்சில் ஏக்கர், சென்ட் வழங்குகிறது. ஹெக்டேருக்கு 100 ஏர். ஏக்கருக்கு 100 சென்ட். நூறு என்பது என்ன? இரண்டை இருமுறையும் ஐந்தை இருமுறையும் பெருக்கியது. சோழர் வாய்பாட்டின் அதே இரு வித்துகள்! ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் நம் ஆவணங்களில் மூன்றிலொன்றுக்கு இடமில்லை. ஒரு ஏக்கரில் மூன்றிலொன்றை 33 சென்ட் என்று எழுதி முடித்துவிடுகிறோம். மூன்று பங்கும் சேர்ந்து 99 ஆகும்போது நூறாவது சென்ட் எங்கே என்று எவரும் கேட்பதில்லை.

சட்டத்தின் வரலாற்றிலும் நிலம் நெடுநாள் தயங்கியே வந்தது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் முஸ்லிம்களின் வாரிசுரிமையில் வழக்காறுகளை விலக்கி ஷரீஅத்தை நிலைநாட்டியது. ஆயின் வேளாண் நிலத்தை அச்சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்தது. சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டு திருத்தம் செய்து வேளாண் நிலத்தையும் அதனுள் கொண்டுவந்தது. அதன் பின் நம் மாநிலத்தில் நஞ்சைக்கும் புஞ்சைக்கும் ஃபராயிள் பங்கு உண்டா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனாலும் எத்தனை குடும்பங்களில் மகளின் 17 பங்கு மகளைச் சென்றடைகிறது? திருமணத்தின்போது நகை போட்டாயிற்று என்பர். உடன்பிறந்தவனோடு உறவு முறியலாகாது என்பர். விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கி முடித்துவிடுவர். அங்கே மறைவது முந்திரியின் மிச்சம் அன்று. 72இல் 17 முழுதாக மறைகிறது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. கடைத் தராசைப் பற்றி அதை ஓதும் நாம், பாகப் பத்திரத்துக்கும் அது பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறோம்.

செய்யத்தக்கது கடினமும் அன்று. பாகம் பிரிக்கும் முன், அக்குடும்பத்துக்குரிய பங்கெண் 24ஆ, 72ஆ, வேறா என்பதை ஃபராயிள் அறிந்த ஆலிம் ஒருவரைக் கொண்டு எழுதி வாங்கலாம். நிலத்தைச் சதுர அடியிலோ சதுர மீட்டரிலோ அளந்து அந்த எண்ணால் வகுக்கலாம். சதுர மீட்டரில் பின்னம் மிஞ்சினால், அதன் விலையைப் பணமாக்கி உரியவர்க்குக் கொடுக்கலாம். வாய்க்கால், வழி, கிணறு ஆகியவை பங்கிடக் கூடாதவையாயின் பொதுவில் வைத்து, அதையும் பத்திரத்தில் எழுதலாம். கூட்டினால் மொத்தம் வருகிறதா என்று கடைசியில் ஒருமுறை சரிபார்க்கலாம். சோழர் கணக்கர் செய்ததும் இதைத்தான்.

வேலிக்கு 5242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு: ஒரு நெல்மணியில் 379இல் ஒரு கூறுதான் அதன் வரி. அதனால் அரசனுக்கு ஆதாயமும் இல்லை, குடியானவனுக்கு இழப்பும் இல்லை. இருந்தும் அதை விட்டுவிட அந்தக் கணக்கனுக்கு மனம் வரவில்லை. அவனுடைய வாய்பாட்டில் மூன்று இல்லை. அது அவன் காலத்தின் எல்லை. நமக்கோ மூன்றும் தெரியும், ஒன்பதும் தெரியும், அவற்றை வேதமே கற்றுத் தந்திருக்கிறது. அவ்வாறிருந்தும் தாயின் ஆறிலொன்றும் மகளின் பங்கும் நம் பத்திரங்களில் இடம்பெறாமற் போனால், அதற்கு எந்த வாய்பாட்டையும் நாம் குறை சொல்ல முடியாது.